அம்மாவின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்: கார்டிசால் பயத்தோடு எழுதிய வாசகிக்கு

நாளமில்லாச் சுரப்பி நோய்களைப் பார்க்கும் மருத்துவர் என்பதால், 'ஸ்ட்ரெஸ் ஹார்மோன்' என்று பலரும் சொல்லும் 'கார்டிசால்' பற்றி வரும் கடிதங்கள் எனக்கு அதிகம். இந்த முறை வந்த ஒன்றைப் படித்ததும் மற்றவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். காரணத்தை அடுத்து சொல்கிறேன். எழுதியவரின் அடையாளம் தெரியாதபடி கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

வாசகிக்கு 36 வயது. அலுவலகத்தில் ஒரு குழுவை நடத்துகிறார். எட்டு மாதங்களுக்கு முன் புதிய மேலதிகாரி வந்தார். முன்னறிவிப்பில்லாமல் கூட்டம் போடுவார், எல்லோர் முன்னிலையிலும் கேள்வி கேட்டு மடக்குவார். அந்த நேரங்களில் தெரிந்த பெயர்கள்கூட வாசகிக்கு வாயில் வருவதில்லை. பல நாட்கள் விடிகாலை மூன்றரை மணிக்கு நெஞ்சு படபடக்க விழிப்பு வருகிறது, பிறகு தூக்கம் இல்லை. இடுப்பைச் சுற்றி எடை கூடியிருக்கிறது. தானாகவே ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுத்ததில், காலை 8.15-க்கு எடுத்த ரத்தத்தில் கார்டிசால் 27 மைக்ரோகிராம் என்று வந்தது. உச்ச வரம்பு 19 என்று போட்டு, பக்கத்தில் சிவப்புக் குறி. மாதவிடாய்ப் பிரச்சினைக்காக இரண்டு வருடமாகக் கருத்தடை மாத்திரை எடுத்துவருகிறார். இணையத்தில் பார்த்த காணொளிகளை நம்பி, மூன்று மாதமாக 'அட்ரினல் சப்போர்ட்' என்ற கேப்சூலும் அமுக்கரா மாத்திரையும் சாப்பிடுகிறார். அவர் கேட்பது மூன்று: கார்டிசாலை எப்படிக் குறைப்பது? மூளை நிரந்தரமாகக் கெட்டுவிட்டதா? வேலையை விட்டுவிடலாமா?

நடுவில் ஒரு வரி, போகிற போக்கில் எழுதியது: "என் அம்மா மூட்டுவாதத்துக்கு இரண்டு வருடமாக தினமும் பிரெட்னிசோலோன் சாப்பிடுகிறார். அதுவும் கார்டிசால் மாதிரிதான் என்று தெரிந்துகொண்டேன். அடுத்த மாதத்திலிருந்து நிறுத்தச் சொல்லப்போகிறேன்."

முதலில் அம்மா

தயவுசெய்து நிறுத்தச் சொல்லாதீர்கள். உங்கள் மற்ற கேள்விகள் ஒரு வாரம் காத்திருக்கலாம், இது காத்திருக்காது.

சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் இரண்டு சிறிய சுரப்பிகள்தான் அட்ரினல். ஒவ்வொன்றும் நாலைந்து கிராம்தான் இருக்கும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து உத்தரவு வந்தால்தான் அவை கார்டிசால் சுரக்கும். வெளியிலிருந்து பிரெட்னிசோலோன் என்ற, கார்டிசால் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்து தினமும் வந்துகொண்டிருந்தால், "போதுமான அளவு இருக்கிறதே" என்று மூளை உத்தரவை நிறுத்திவிடும். மாதக்கணக்கில் உத்தரவு வராத சுரப்பி சுருங்கிப்போகும். இந்த நிலையில் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால், சுரப்பி விழித்துக்கொள்ள வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அதுவரை உடலில் கார்டிசால் போதாது. அந்த இடைவெளியில் ஒரு காய்ச்சலோ வாந்தியோ வந்தால் ரத்த அழுத்தம் சரிந்து, சர்க்கரை இறங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். அவசரப் பிரிவுக்கு இப்படிக் கொண்டுவரப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் நல்லெண்ணத்தோடு நிறுத்தியவர்கள், அல்லது வீட்டில் உள்ளவர்கள் அன்போடு நிறுத்தச் சொன்னவர்கள்.

நீண்ட நாள் ஸ்டீராய்டால் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும், கண்புரை வரும் என்ற உங்கள் கவலை நியாயமானது. அதற்கு வழி, மாத்திரை கொடுத்த மருத்துவரிடம் போய் "அளவைக் குறைக்க முடியுமா, வேறு மருந்துக்கு மாறலாமா, எலும்புக்குப் பாதுகாப்பு வேண்டுமா" என்று கேட்பது. குறைப்பதாக இருந்தால் படிப்படியாகத்தான் குறைப்பார். இன்னொன்றும் கேட்டுவையுங்கள். காய்ச்சல் வந்தால், அறுவை சிகிச்சை என்றால், இந்த மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம். வாந்தியால் மாத்திரை உள்ளே தங்கவில்லை என்றால் ஊசியாகப் போட வேண்டும். தான் ஸ்டீராய்டு எடுப்பதை எழுதிய ஒரு சீட்டு எப்போதும் அம்மாவின் கைப்பையில் இருக்கட்டும்.

நீங்கள் பயப்படும் இந்தப் பொருளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1948-ல் அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹெஞ்ச், மூட்டுவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்டிசாலின் நெருங்கிய உறவான கார்டிசோனை ஊசியில் கொடுத்தார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். இரண்டே வருடத்தில், 1950-ல், எட்வர்ட் கெண்டல், டாடியூஸ் ரைக்ஸ்டைன் ஆகியோரோடு சேர்த்து ஹெஞ்சுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். உங்கள் அம்மா இன்று வலியில்லாமல் கையை மடக்கி நீட்டுவது அந்தக் கண்டுபிடிப்பின் தொடர்ச்சி.

அந்தக் கூட்ட அறையில் என்ன நடக்கிறது

மேலதிகாரி உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். அடுத்த நொடியிலேயே மூளையின் அமிக்டலா என்ற பகுதி அபாயமணி அடிக்கிறது. பிட்யூட்டரிக்கு மேலே இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி அதைக் கேட்டு நரம்புகள் வழியாகவே அட்ரினல் சுரப்பியின் உட்பகுதிக்குச் செய்தி அனுப்புகிறது. அட்ரினலினும் நார்அட்ரினலினும் ரத்தத்தில் கலக்கின்றன. இதெல்லாம் நொடிகளில் முடியும். நெஞ்சு அடித்துக்கொள்வது, நாக்கு வறள்வது, உள்ளங்கை வியர்ப்பது, வயிற்றைக் கலக்குவது எல்லாம் இந்த முதல் அலை. 'வயிற்றைக் கலக்குகிறது' என்று நம் மொழி சொல்வது மருத்துவப்படியும் சரிதான். இந்தச் சமயத்தில் இரைப்பை மந்தமாகிறது, பெருங்குடல் வேகமாகிறது. அட்ரினலின் ரத்தத்தில் சில நிமிடங்களுக்கு மேல் தங்காது. மணி அடிப்பது நின்றால் படபடப்பும் அடங்கும்.

இரண்டாவது அலைதான் கார்டிசால். ஹைப்போதலாமஸிலிருந்து சிஆர்எச் என்ற ஹார்மோன், அது தூண்டி பிட்யூட்டரியிலிருந்து ஏசிடிஎச் என்ற ஹார்மோன், அது ரத்தத்தில் பயணித்து அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதியை அடைந்த பிறகே கார்டிசால். நரம்பு வழியைவிட இது மெதுவான வழி. சம்பவம் தொடங்கி 20 முதல் 30 நிமிடம் கழித்துத்தான் உச்சம் தொடும். அதாவது நீங்கள் கூட்டம் முடிந்து இருக்கைக்குத் திரும்பிய பிறகு. அப்போது அது செய்வது பெரும்பாலும் பராமரிப்பு வேலை. கல்லீரலிலிருந்து சர்க்கரையை எடுத்துத் தருகிறது, ரத்த அழுத்தம் விழாமல் பார்க்கிறது, வீக்கம் கட்டுமீறாமல் அடக்குகிறது. கடைசியாக மூளைக்கே திரும்பிப் போய், ஹைப்போதலாமஸையும் பிட்யூட்டரியையும் பார்த்து "போதும், நிறுத்து" என்று சொல்கிறது. தன்னைச் சுரக்கவைத்த மணியைத் தானே அணைக்கிற ஹார்மோன் அது. இதை ஒட்டுமொத்தமாகக் குறைக்க வேண்டும் என்று காணொளிகள் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பெயர்கள் வாயில் வராததற்கும் விளக்கம் இருக்கிறது. நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதிதான் யோசித்து, தேடி, வார்த்தையை எடுத்துக் கொடுப்பது. அளவான நார்அட்ரினலின் அதைக் கூர்மையாக்கும். அளவு மீறினால் அந்தப் பகுதி பின்வாங்கி, பழக்கத்தில் ஊறியதை மட்டும் செய்யும் பகுதிகள் முன்னே வரும். இதோடு, கூட்டம் நீளும்போது ஏறிவரும் கார்டிசாலும், நினைவில் இருப்பதை வெளியே எடுப்பதைக் கொஞ்ச நேரத்துக்குக் கடினமாக்குகிறது. பெயர் அழிந்துபோகவில்லை, அந்த நேரத்தில் கைக்கு எட்டவில்லை. அதனால்தான் வீட்டுக்குப் போகும் வழியில் எல்லாம் ஞாபகம் வருகிறது.

அந்த 27-ஐப் பற்றி

உங்கள் ரிப்போர்ட்டில் பயப்பட ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: கருத்தடை மாத்திரை.

ரத்தத்தில் உள்ள கார்டிசாலில் 90 சதவீதத்துக்கு மேல் புரதங்களில் ஒட்டிக்கொண்டுதான் பயணிக்கிறது. ஒட்டாமல் தனித்து இருக்கும் சிறு பங்குதான் வேலை செய்கிறது. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை, கார்டிசாலைச் சுமக்கும் புரதத்தைக் கல்லீரல் அதிகமாகத் தயாரிக்கும்படி செய்யும். வண்டிகள் கூடுவதால் ஏறியிருப்பதும் கூடும். சாதாரண ரத்தப் பரிசோதனை ஒட்டியது, ஒட்டாதது எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுகிறது. ஆகவே எண் பெரிதாகத் தெரியும், உடலில் வேலை செய்யும் கார்டிசாலோ ஏறக்குறைய அதே அளவில் இருக்கும். அப்புறம், நீங்கள் ரத்தம் கொடுத்த நேரமும் ஒரு காரணம். விழித்து அரை மணி, முக்கால் மணிக்குள் கார்டிசால் இயல்பாகவே நாளின் உச்சத்தைத் தொடும், நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு இறங்கும். இரவு சரியாகத் தூங்காமல், ஊசிக்குப் பயந்துகொண்டு, காலை எட்டேகாலுக்குக் கொடுத்த ஒரே ஒரு மாதிரியை வைத்து 'உங்களுக்கு ஸ்ட்ரெஸ் ஹார்மோன் அதிகம்' என்று யாராலும் சொல்ல முடியாது.

கார்டிசால் உண்மையிலேயே கட்டுமீறி ஏறும் நோய் ஒன்று இருக்கிறது, குஷிங் நோய்க்குறி என்போம். முகம் உருண்டையாகச் சிவப்பது, வயிற்றில் விரலகல ஊதா நிறக் கோடுகள், லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாத அளவு தொடைகள் பலவீனமாவது ஆகியவை அதன் அடையாளங்கள். இடுப்பில் எடை கூடுவது மட்டும் போதாது, அது எத்தனையோ காரணங்களால் வரும். இந்த அடையாளங்கள் இருந்தால் சொல்லுங்கள். அதற்கான சோதனைகளே வேறு: நள்ளிரவில் எடுக்கும் உமிழ்நீர், 24 மணி நேரச் சிறுநீர், இரவில் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை கொடுத்து மறுநாள் காலை எடுக்கும் ரத்தம். இவற்றில் கடைசிச் சோதனையையும் கருத்தடை மாத்திரை குழப்பும் என்பதால், மருத்துவரிடம் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். சோதனைக்காக என்று நீங்களாக அதையும் நிறுத்திவிடாதீர்கள்.

அந்தக் கேப்சூலை நிறுத்துவதற்கு முன்

உங்களுக்கு இரண்டு கதைகள் ஒரே நேரத்தில் சொல்லப்பட்டிருக்கின்றன. கார்டிசால் மிக அதிகம் என்பது ஒன்று. தொடர்ந்து உழைத்து அட்ரினல் களைத்துப்போய்விட்டது, அதற்கு ஊட்டம் வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. உண்மையான அட்ரினல் செயலிழப்பை 1855-லேயே தாமஸ் அடிசன் விவரித்துவிட்டார். எடை குறையும், தோல் கறுக்கும், ரத்த அழுத்தம் தாழும், உப்பு உப்பாகச் சாப்பிடத் தோன்றும். அது ரத்தப் பரிசோதனையில் தெளிவாகத் தெரியும், சிகிச்சையும் இருக்கிறது. 'அட்ரினல் களைப்பு' என்பதற்கு அப்படி எந்தச் சான்றும் கிடையாது. களைப்பு நிஜம், உங்கள் களைப்பை நான் ஒரு கணமும் சந்தேகிக்கவில்லை. அதற்கு ஒட்டப்பட்ட பெயர்தான் தவறு. தவறான பெயரால் வரும் பெரிய தீமை, சரியான காரணத்தைத் தேடுவது நின்றுபோவது.

இன்னொன்றும் என் கண்ணில் பட்டது. படபடப்பு கடந்த இரண்டு மாதமாகத்தான் அதிகம் என்கிறீர்கள். கேப்சூல் தொடங்கியது மூன்று மாதம் முன்பு. 2018-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 'அட்ரினல் சப்போர்ட்' என்று விற்கப்பட்ட 12 தயாரிப்புகளைச் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் தைராய்டு ஹார்மோன் இருந்தது, பாதிக்கு மேற்பட்டவற்றில் ஏதாவது ஒரு ஸ்டீராய்டு ஹார்மோன் இருந்தது. டப்பாவின் மேல் அதை எழுதியிருக்கவில்லை. உங்கள் கேப்சூலும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெளியிலிருந்து வரும் தைராய்டு ஹார்மோன் நெஞ்சைப் படபடக்கவைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். உள்ளே ஸ்டீராய்டு இருக்குமானால், அம்மாவுக்குச் சொன்ன அதே காரணத்தால் திடீரென நிறுத்துவதிலும் கவனம் வேண்டும். ஆகவே டப்பாவை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும். அமுக்கரா பற்றியும் அவரிடம் சொல்லுங்கள். சிறிய ஆய்வுகளில் அது பதற்றத்தைக் கொஞ்சம் குறைப்பதாகத் தெரிகிறது. ஆனால் கல்லீரல் பாதிப்பு வந்தவர்களும் இருக்கிறார்கள், தைராய்டு அளவையும் அது மாற்றக்கூடும்.

மூளை கெட்டுவிட்டதா

இல்லை. 'கார்டிசால் மூளையைத் தின்கிறது' என்ற வாசகத்துக்குப் பின்னால் ஒரு துண்டு உண்மை இருக்கிறது. ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதியில் கார்டிசால் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் மிக அதிகம். நீண்ட நாள் அழுத்தத்தில் வைக்கப்பட்ட எலிகளில் அங்குள்ள நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின. அழுத்தம் நின்றதும் அவை மீண்டும் வளர்ந்தன என்பதைத்தான் காணொளிகள் சொல்வதில்லை. குஷிங் நோயாளிகளின் கார்டிசால் அளவோடு ஒப்பிட்டால் நம் அலுவலக டென்ஷனெல்லாம் ஒன்றுமே இல்லை. அவர்களிடமே சிகிச்சைக்குப் பிறகு ஹிப்போகாம்பஸின் அளவு கூடியதை 1999-ல் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமானது 2009-ல் வந்த ஓர் ஆய்வு. பெரிய தேர்வுக்குத் தயாரான மருத்துவ மாணவர்களுக்கு, கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் திறன் குறைந்திருந்தது. நெற்றிக்குப் பின்னாலுள்ள அந்த மூளைப்பகுதியின் இணைப்புகளிலும் மாற்றம் தெரிந்தது. தேர்வு முடிந்து ஒரு மாத ஓய்வுக்குப் பிறகு இரண்டும் பழைய நிலைக்கு வந்துவிட்டன. ஒரு மாதம்தான்.

வேலையை விடலாமா

இதை நான் முடிவு செய்ய முடியாது. ஆனால் எது உங்களை உலுக்குகிறது என்று சொல்ல முடியும், அதை வைத்து நீங்கள் யோசிக்கலாம். ஆய்வகத்தில் கார்டிசாலை ஏற்றிப் பார்த்த 208 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2004-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். கடினமான வேலை என்பதால் மட்டும் கார்டிசால் அவ்வளவாக ஏறவில்லை. மற்றவர்கள் நம்மை எடைபோடுகிறார்கள் என்ற நிலையும், நம் கையில் எதுவும் இல்லை என்ற நிலையும் சேரும்போதுதான் மிக அதிகமாக ஏறியது, இறங்கவும் நேரம் எடுத்தது. முன்னறிவிப்பில்லாத கூட்டம், எல்லோர் முன்னிலையிலும் குறுக்குக் கேள்வி என்று நீங்கள் விவரிப்பது அச்சு அசலாக அதுதான். நீங்கள் பலவீனமானவர் என்பதால் இது வரவில்லை. உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் உடம்பு இப்படித்தான் பதில் சொல்லும்.

எனவே வேலையின் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதைவிட, இந்த இரண்டில் ஒன்றையாவது மாற்ற முடியுமா என்று பாருங்கள். கூட்டத்தின் பொருளை முந்தின நாளே எழுத்தில் கேட்கலாம். வாரம் ஒரு முறை நிலவரத்தை நீங்களாகவே முன்கூட்டி அனுப்பலாம். விமர்சனத்தைத் தனியே சொல்லும்படி கேட்கலாம். கேட்டும் கிடைக்கவில்லை, அவமதிப்பு தொடர்கிறது என்றால் தேதி போட்டுக் குறித்துவைத்து, பணியாளர் பிரிவிடம் எழுத்தில் கொடுங்கள். அதன் பிறகும் மாறாவிட்டால் குழு மாறுவதோ வேலை மாறுவதோ உடல்நலத்துக்கான நியாயமான முடிவு, தோல்வியல்ல. அதை மூன்றரை மணி விழிப்பில் மட்டும் முடிவு செய்யாதீர்கள். பின்னிரவில் தூக்கம் இயல்பாகவே மெலிதாக இருக்கும், கார்டிசாலும் விடியலுக்காக மெல்ல ஏறத் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில் விழிப்பது மட்டுமே நோய்க்கு அடையாளம் ஆகிவிடாது. ஆனால் அப்போது எந்தக் கவலையும் பகலில் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். இருபது நிமிடம் போல் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் வேறெங்காவது உட்காருங்கள். மூச்சை மெதுவாக, நிமிடத்துக்கு ஆறு முறை என்ற கணக்கில், வெளிவிடுவதை நீளமாக்கி விடுங்கள். இது இதயத் துடிப்பை அப்போதே கொஞ்சம் தணிக்கும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது

படபடப்பையும் விழிப்பையும் 'ஸ்ட்ரெஸ்தான்' என்று நாமே தீர்ப்பு சொல்லிவிடக் கூடாது. தைராய்டு, ரத்தச்சோகை, சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், ஒரு ஈசிஜி எடுக்க வேண்டும். குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டில் கேட்டுக்கொண்டு போங்கள். தூக்கத்தில் மூச்சு தடைப்பட்டாலும் படபடப்போடு விழிப்பு வரும். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் என்று எதுவும் சேர்ந்து வந்தால் நாள் குறிக்காமல் அன்றே போங்கள்.

தமிழில் ஒரு சங்கடம் இருக்கிறது. 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லை ஸ்ட்ரெஸ்ஸுக்கும் சொல்கிறோம், மனச்சோர்வு நோய்க்கும் சொல்கிறோம். இரண்டும் வேறு. விடிகாலையில் விழித்து மீண்டும் தூங்க முடியாததும், கவனம் சிதறுவதும் மனச்சோர்வின் அடையாளமாகவும் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆர்வமில்லை, மனம் கனத்தே கிடக்கிறது, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னது ஒரே ஒரு முறை தோன்றியிருந்தாலும் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். இதற்குச் சிகிச்சை இருக்கிறது, நன்றாகவே பலன் தருகிறது.

கடிதத்தின் கடைசி வரியில், ஓடினால் கார்டிசால் ஏறும் என்று படித்ததால் மாலை ஓட்டத்தை விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஓடும்போது ஏறுவது உண்மை. தசைக்குச் சர்க்கரை வேண்டுமே, அதற்காக ஏறுகிறது, ஓய்வெடுத்ததும் இறங்கிவிடுகிறது. தொடர்ந்து ஓடுகிறவர்களுக்குத் தூக்கம் ஆழமாகிறது, பதற்றம் குறைகிறது. தைராய்டும் ஈசிஜியும் சரி என்று மருத்துவர் சொல்லும் வரை நடையாக இருக்கட்டும். சொன்ன மறுநாளே ஓடத் தொடங்குங்கள்.